உயிர்க்காவல்

அந்த ஜன்னல் திரையின் நாடா தரை வரைக்கும் தொங்குகிறதே, அதை யாராவது மேலே முடிந்து வைத்தால் நல்லது. குறை சொல்லவில்லை, நீதிபதி அம்மா. ஓர் அறைக்குள் நுழைந்தால் என் கண் முதலில் அதற்குத்தான் போகும். கொக்கி, கயிறு, கண்ணாடி, கூரான மூலை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். "வந்த இடத்திலயாவது மனுஷங்க மூஞ்சியப் பாருங்க" என்று என் மனைவி முணுமுணுப்பாள். தொழில் புத்தி, லேசில் விடாது.

வக்கீல் வேண்டாமா என்று நேற்றும் கேட்டீர்கள். துறையே எனக்கு ஒருவரை அனுப்பியது. நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். நான் இங்கே வந்து என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தார். அவர் சொல்லிக்கொடுத்தது பொய். அதனால்தான் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக வந்திருக்கிறேன்.

மத்திய அரசின் சிறப்புக் காவல் இல்லத்தில் உயிர்க்காவல் பிரிவுக்கு நான் தலைமைக் காவலர். பத்திரிகையில் படம் வருகிற ஆட்களை மட்டும் வைக்கும் இடம் அது. மற்ற சிறைகளில் கைதி ஓடிவிடக் கூடாது என்று காவல் இருப்பார்கள். நாங்கள், கைதி செத்துவிடக் கூடாது என்று காவல் இருக்கிறோம். ஓடிப்போனவனைப் பிடித்துக்கொண்டு வரலாம். செத்தவனை என்ன செய்வது? அதனால் எங்கள் வேலைதான் கஷ்டமானது என்று நான் எப்போதும் சொல்வேன்.

எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் என் அக்காவின் கணவர். அத்தான்தான் எனக்கு இந்த வேலைக்கு வழிகாட்டினார். அவர் காலத்தில் ஒரு வங்கி முதலாளியை அங்கே வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலை அத்தான் கதவுத் துளை வழியாகப் பார்த்தபோது வங்கிக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று அத்தான் நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். போர்வைக்குள் படுக்கை விரிப்பின் ஓரத்தைக் கிழித்துக் கட்டில் காலில் மாட்டி, கழுத்தை இறுக்கிக்கொண்டு, அவர் செத்துக் கிடந்தார்.

நாடே கொந்தளித்தது. அரசாங்கமே கொன்றுவிட்டது என்றார்கள். உங்களைப் போலவே ஓர் ஆணையம் வந்து உட்கார்ந்தது. கடைசியில் பழி முழுவதும் அத்தான் தலையில் விழுந்தது. கண்காணிப்பாளர் தலைமையகத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போனார், உயர்வோடு. அத்தானுக்கு வேலையும் போய் ஓய்வூதியமும் போயிற்று. அதைக்கூடத் தாங்கியிருப்பார். கடைத்தெருவில் இரண்டு பேர், "இவன் குறட்டை விட்டான், அந்தாளு தொங்கிட்டான்" என்று அவர் காதுபடச் சொன்னதைத்தான் தாங்கவில்லை. அன்றிலிருந்து வீட்டை விட்டு அவர் இறங்குவதில்லை. அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. 

அந்த ஆணையம் ஒரு பரிந்துரையும் செய்தது. கைதியைக் கண்ணால் பார்த்தால் போதாது, குரல் கொடுத்து, அவர் வாயால் பதில் வாங்க வேண்டும் என்று. உங்கள் ஆட்கள் சொன்னதுதான், அம்மா, நானாகக் கண்டுபிடித்ததில்லை. எங்கள் பிரிவில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வராந்தாவில் போகிற ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டி, "இருக்கீங்களா?" என்று கேட்போம். உள்ளே இருப்பவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பகலும் உண்டு, இரவும் உண்டு. எனக்கு வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டது. என் மகள் குளியலறைக்குள் கொஞ்சம் நேரம் எடுத்தால் கதவைத் தட்டி, "இருக்கியா?" என்பேன். "இருக்கேன்பா, தலைக்கு சோப்பு போட்டிருக்கேன், ஆளை விடு" என்று கத்துவாள்.

மந்திரி எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு. பதவி போன பிறகும் நாங்கள் அவரை மந்திரி என்றுதான் கூப்பிட்டோம். துறைமுக ஒப்பந்த வழக்கு. தான் தின்றதையும் தன்னோடு தின்றவர்களையும் நீதிமன்றத்தில் சொல்லப்போவதாக அவர் அறிவித்திருந்தார். அவர் வாயைத் திறந்தால் பாதி மந்திரிசபை கவிழும் என்று டீக்கடையில்கூடப் பேச்சு. வந்த அன்றே புதிய கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன செய்வீங்க, எப்படிச் செய்வீங்க, எனக்குத் தெரிய வேண்டாம். கோர்ட்டுக்குப் போற வரைக்கும் ஆளு உயிரோட இருக்கணும். இல்லேன்னா இந்தத் தடவை உருளப் போறது உங்க தலை."

அவர் சொன்னது அவ்வளவுதான். மந்திரியைத் தீர்த்துக் கட்டச் சொல்லி எனக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததா என்று பத்திரிகைக்காரர்கள் மாய்ந்து மாய்ந்து எழுதுகிறார்கள். ஒருவரும் சொல்லவில்லை. உயிரோடு வைத்திரு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

ஆரம்பத்தில் மந்திரி தங்கமான மனிதர். வேடிக்கையாகப் பேசுவார். "இருக்கீங்களா?" என்றால், "இருக்கேன்யா, இந்த வசதியை விட்டுட்டு எங்க போறது?" என்பார். ஒரு நாள், "இருக்கேன், வாடகை மட்டும் கேட்டுடாதே" என்றார். நாங்கள் வராந்தாவில் சிரிப்போம். எங்கள் துணைக் காவலர் ஒருவர், குச்சி மாதிரி இருப்பதால் பயில்வான் என்று பட்டப்பெயர், அவர் மந்திரியின் பதிலைக் கேட்பதற்காகவே அடிக்கடி கதவைத் தட்டுவார்.

நான் என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். முதலில் படுக்கை விரிப்பை எடுத்தேன். பிறகு போர்வை. பிறகு நாடா வைத்த கால்சட்டை, பொத்தான் வைத்த சட்டை. பேப்பர் போன்ற துணியில் ஓர் அங்கி இருக்கிறது, இழுத்தால் கிழிந்துவிடும், கயிறாக்க முடியாது. அதைக் கொடுத்தோம். குளிர்கிறது என்றார். குளிரால் யாரும் அங்கே செத்ததில்லை. பிறகு ஒரு நாள் யோசித்துப் பார்த்தேன், அவருடைய பல்செட்டை உடைத்தால் கூரான துண்டு கிடைக்கும். அதையும் வாங்கிக்கொண்டோம். சோற்றைக் கூழாக்கிக் கொடுத்தோம். நகத்தால் கழுத்தைக் கீறிக்கொள்ளலாம் என்று தோன்றியதால் இரண்டு கைக்கும் தடித்த துணிப்பை மாட்டி மணிக்கட்டில் பூட்டினோம். கடைசியாக மூக்குக் கண்ணாடி.

கண்ணாடியை எடுத்ததும்தான் அவர் முறைத்துக்கொண்டார்.

"அது இல்லாம என்னால ஒரு எழுத்துப் படிக்க முடியாதுய்யா. கோர்ட்டுல கொடுக்கப்போற வாக்குமூலத்தைப் படிச்சுத் தயார் பண்ணணும். தேதி நெருங்குது."

"கண்ணாடியை உடைச்சா கையை அறுத்துக்கலாங்க."

"நான் எதுக்குய்யா அறுத்துக்கப் போறேன்? நான் உயிரோட இருக்கணும்னு உன்னைவிட எனக்குத்தான் அக்கறை."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சரி, கண்ணாடியைக் குடு, அப்புறம் நீ கேக்கறதுக்குப் பதில் சொல்றேன்" என்றார். அத்தோடு வாயை மூடிக்கொண்டார்.

பதில் சொல்லாத கைதியை என்ன செய்வது என்று எந்த ஆணையமும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், கண் திறந்திருக்கும், நெஞ்சு ஏறி இறங்கும். "பாத்தாலே தெரியுதேண்ணே, ஆளு கல்லு மாதிரி இருக்காரு" என்றார் பயில்வான். அத்தானும் பார்த்தாலே தெரிகிறது என்றுதான் நினைத்தார். எனக்கு அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வர வேண்டும். பெரிய விஷயம் எதையும் நான் கேட்கவில்லை.

முதலில் தோளைப் பிடித்து உலுக்கினோம். பிறகு எங்கள் டாக்டரிடம் கேட்டேன். மயங்கிக் கிடப்பவரை எழுப்ப, விரல்களை மடக்கி, முட்டியால் நெஞ்செலும்பின் மேல் அழுத்தித் தேய்ப்பார்களாம். மருத்துவ முறைதான். அதைச் செய்தேன். முதல் நாள் அவர் பல்லில்லாத ஈறைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். வராந்தாவில் ஒவ்வொரு முறை போகும்போதும் செய்ய வேண்டியிருந்தது, அதனால் அந்த இடத்தில் தோல் உரிந்தது. பிறகு சதை தெரிந்தது. டாக்டர் வாரம் ஒரு முறை வருவார், அங்கியைத் திறக்கச் சொல்லாமல் நாடி மட்டும் பிடித்துவிட்டுப் போவார். அவரையும் நீங்கள் விசாரிக்க வேண்டும், எனக்காகச் சொல்லவில்லை.

குளிர்ந்த தண்ணீரைக் குழாயில் பீய்ச்சிப் பார்த்தோம். ஒரு நாள் துணிப்பையைக் கழற்றிச் சுண்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்தேன். ஓரளவுக்கு மேல் வளையாது என்று தெரியும், கொஞ்சம் கூடிவிட்டது. உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அலறினார். அலறல் பதிலாகாது. அலறல் எதிலிருந்து வேண்டுமானாலும் வரும். நான் மறுபடி கேட்டேன், அவர் தலையை மட்டும் ஆட்டினார், மாட்டேன் என்று. பிடிவாதக்காரர். விரல் நோகாமல் இருக்க அதைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி நானே பையை மாட்டிவிட்டேன். அதையெல்லாம் யாரும் பேசுவதில்லை.

ஈரத் துண்டு என் யோசனைதான். பழியை வேறு யார் மேலும் போட விரும்பவில்லை. மூச்சை அடைத்தால் உயிருள்ளவர் திமிறுவார், விட்டதும் வாய் திறப்பார். அந்தச் சமயத்தில் கேட்டால் பிடிவாதம் எடுபடாது. முதல் தடவையே, "இருக்கேன், இருக்கேன்" என்று இரண்டு முறை சொன்னார். கண்ணில் நீர் வழிந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதன்பிறகு தினமும் அந்த வழிதான்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு அவர் மேல் விரோதம் கிடையாது. அவர் எந்தக் கட்சி என்பதில்கூட எனக்கு அக்கறை இல்லை. வேலை முடிந்ததும் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் வருவேன்.

அப்புறம் நாடாளுமன்றக் குழு வருகிறது என்றார்கள். மந்திரியின் மனைவி ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டதன் பலன் அது. குழு வருவதற்கு முதல் நாள் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு அவங்க முன்னால நீங்க கேட்டா அவரு பதில் சொல்லணும். ஊமை மாதிரி உக்காந்திருந்தா நாமதான் நாக்கைப் புடுங்கிட்டோம்னு எழுதுவாங்க. ஒரு தடவை ஒத்திகை பாத்துடுங்க" என்றார்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வெயில் மேல் ஜன்னல் வழியாக அறையின் நடுவில் விழுந்திருந்தது. வாளியில் துண்டை நனைத்துக்கொண்டு போனேன். பயில்வான் கூட வந்தார். நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று மந்திரிக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு மாதிரி தெம்பாக இருந்தார்.

"இருக்கீங்களா?"

பதில் இல்லை. படுக்க வைத்தோம். பயில்வான் கால்களின் மேல் உட்கார்ந்தார். துண்டை மடித்து மூக்கையும் வாயையும் சேர்த்து அழுத்தினேன். வழக்கம்போலத் திமிறினார், பை மாட்டிய கைகளால் என் விலாவில் அடித்தார். எடுத்தேன். மூச்சை இழுத்து இழுத்து வாங்கினார்.

"இருக்கீங்களா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பல்லில்லாத சிரிப்பு.

"இல்லை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "சரியாச் சொல்லுங்க" என்றேன்.

"இல்லைய்யா. செத்து ரொம்ப நாளாச்சு. நாளைக்கு வர்றவங்ககிட்டயும் இதையேதான் சொல்லப் போறேன். உனக்குத்தான் இன்னும் தகவல் வரல."

பயில்வான் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து, முடியாமல், வாய்விட்டே சிரித்தார். அவர் உடம்பு குலுங்கியதில் மந்திரியின் கால்களும் குலுங்கின. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

நான் கோபப்படவில்லை, அம்மா. பயில்வான் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார். எனக்குக் கோபமே வராது, வீட்டில் கேட்டுப் பாருங்கள். நாளைக்கு நாலு பேர் முன்னால் அவர் "இல்லை" என்று சொன்னால் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்தேன். கடைத்தெருவில் என்னைப் பார்த்து யார் யார் சிரிப்பார்கள் என்று யோசித்தேன். துண்டை மறுபடி நனைத்து, நான்காக மடித்து வைத்தேன். இந்த முறை கை நழுவாமல் இருக்க முழங்காலை அவர் நெஞ்சில் ஊன்றிக்கொண்டேன், புண் இருந்த இடத்தில். ஏதோ ஒன்று உள்ளே முறிந்தது. அவர் கண் என் மேலேயே இருந்தது, சிரிப்பு போய்விட்டது. பயில்வானுடைய சிரிப்பும் நின்றுவிட்டது.

"அண்ணே, போதும்ணே."

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

"அண்ணே, விடுங்கண்ணே. திமிறல் நின்னுடுச்சுண்ணே."

திமிறல் நின்றது உண்மை. அப்போதும் நான் கையை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று வக்கீலும் கேட்டார். அசையாமல் கிடக்கிறவர்களை நம்பக் கூடாது. வங்கிக்காரர் அத்தானை அப்படித்தான் ஏமாற்றினார். நான் ஏமாறுகிற ஆள் இல்லை. வெயில் கட்டத்துக்குள் இருந்த என் கை நிழலுக்கு வரும் வரை அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு துண்டை எடுத்துவிட்டுக் கேட்டேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தேனாம், பயில்வான் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கண்காணிப்பாளர் வந்தார். மந்திரியின் முகத்தைப் பார்க்கவில்லை, கூரை மூலையில் இருந்த கண்காணிப்புக் கேமராவைத்தான் பார்த்தார். அது அன்று காலையிலிருந்து பழுதாகி இருந்ததாக அங்கேயே முடிவாயிற்று. துணிப்பைகளைக் கழற்றச் சொன்னார். ஈரத் துண்டை முறுக்கிக் கழுத்தில் சுற்றி, ஒரு முனையை மந்திரியின் கைக்குள் வைத்தார்கள். உடைந்த விரல் மடங்கவில்லை, அதனால் மற்ற கைக்கு மாற்றினார்கள்.

"நீங்க அந்த நேரம் சாப்பிடப் போயிருந்தீங்க. புரியுதா?"

"நான் முன்னாடியே சாப்பிட்டுட்டேன் சார்."

"அப்போ டீ குடிக்கப் போயிருந்தீங்க. கொஞ்ச நாள் வேலையிலிருந்து விலக்கி வைப்போம். அப்புறம் சத்தமில்லாம வேற ஊருக்குக் கூட்டிக்கறோம், பதவி உயர்வோட. என்னை நம்புங்க."

நல்ல ஏற்பாடுதான். வேறொருவராக இருந்தால் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. முன்னாள் அமைச்சர் காவலில் தற்கொலை, பணியில் இருந்த காவலர் அலட்சியம், அறைக்குள் துண்டு. அறைக்குள் துண்டாம், அம்மா. கால்சட்டை நாடாவைக்கூட விட்டுவைக்காத நான் ஒரு முழுத் துண்டை அந்த அறைக்குள் விட்டுவைப்பேனா? துண்டை உள்ளே கொண்டுபோனதும் நான், வெளியே கொண்டுவருவதும் நான். ஒரு நாளும் அதை அங்கே மறந்து வைத்ததில்லை.

அத்தான் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். இத்தனை காலத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"விடுறா. எனக்கு ஆனதுதான் உனக்கும். தூங்கறானா செத்தானான்னு எவன் கண்டான்? நம்ம ரெண்டு பேர் தலையெழுத்தும் ஒண்ணு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது, துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம்.

என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "இல்ல அத்தான். அவரா சாகல" என்றேன்.

"அப்புறம்?"

நடந்ததை உங்களிடம் சொன்னது போலவே சொன்னேன். தையல் மெஷின் நின்றது. அத்தான் என் தோளிலிருந்து கையை எடுத்து, தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.  அக்கா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் என்மேல் ஒரு மதிப்பு வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நான் அத்தானைப் போல ஏமாந்தவன் இல்லை என்று அவர்களுக்கு இப்போது தெரியும்.

மந்திரியின் மனைவி போன வாரம் இதே அறையில், கண்ணாடி கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர் எதற்காகச் சாக வேண்டும் என்று அழுதாராமே. அந்த அம்மா சொன்னது முழு உண்மை. அவருக்குச் சாகிற எண்ணம் துளியும் இல்லை. கடைசி வரை மூச்சுக்காக என்னோடு போராடினார், என் விலாவில் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், கேட்டால் ஆறுதலாக இருக்கும்.

ஆகவே அறிக்கையில் தற்கொலை என்ற சொல் வரக் கூடாது. என் பொறுப்பில் இருந்த எவரும் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டதில்லை. மந்திரியைக் கொன்றவன் நான், பட்டப்பகலில், முழு விழிப்போடு, அவர் பக்கத்திலேயே இருந்து. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், தூக்கு என்றாலும் சரி. வேலையில் நான் கோட்டைவிட்டேன் என்று மட்டும் நாளைக்கு ஒருவரும் பேசக் கூடாது.